இறைக்காத நொதி

மார்ச் 4, செவ்வாய்

தேநீர் அறையில் கோப்பை கழுவும் பஞ்சு இன்னும் அதேதான். வாங்கும்போது பச்சை. இப்போது அதன் நிறத்துக்குப் பெயர் கிடையாது. அதைக் கையில் எடுத்துத்தான் இங்கே முனைவர்களும் பேராசிரியர்களும் கோப்பை கழுவுகிறார்கள். கழுவிவிட்டு, கிருமிகளைப் பற்றி உலகத்துக்குப் பாடம் எடுக்கப் போகிறார்கள். நான் என் கோப்பையை என் மேசைக்குள் வைத்துக்கொள்கிறேன். அதற்கும் என்னைப் பற்றி ஒரு பேச்சு இருக்கிறதாம்.

முற்பகலில் நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து என் ஆய்வகத்தின் நீள அகலத்தை அளந்தார். எதற்கு என்று கேட்டேன். ஒன்றுமில்லை, சும்மா அளவு மட்டும் என்றார். சும்மா எவனும் அளவுநாடாவைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. சவப்பெட்டி செய்கிறவனும் சும்மாதான் அளக்கிறான்.

அனுப்பியது யார் என்று தெரியும். துறைத் தலைவர். அதாவது என் மைத்துனன், என் மனைவியின் தம்பி. ஒரு காலத்தில் பிப்பெட்டைப் பிடிக்கத் தெரியாமல் என்னிடம் வேலை பழக வந்தவன். வாயால் உறிஞ்சிக் காரக் கரைசலை விழுங்கியபோது அவனைக் குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான். இன்று அவன் என் அறைக்கு அளவு எடுக்கிறான்.

அன்றைக்குக் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கலாம்.

மார்ச் 6, வியாழன்

மாலையில் பொதுமக்களுக்கான உரை. பேசியது மைத்துனன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அங்கேயும் அவன் அத்தர் வாசனை வந்து சேர்ந்தது.

நாம் இழுக்கும் மூச்சு கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது என்று ஆரம்பித்தான். செல்லுக்குள் ஒரு சவ்வு. சவ்வில் பதிந்த ஒரு நொதி. அங்கேதான் ஆக்சிஜன் தண்ணீராக மாறுகிறது. அந்த மாற்றத்தில் கிடைக்கும் விசையைக் கொண்டு நொதி புரோட்டான்களைச் சவ்வின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு இறைக்கிறது, கிணற்றிலிருந்து தொட்டிக்கு இறைப்பதுபோல. தொட்டி நிரம்பினால்தான் உடம்பில் மற்ற வேலை நடக்கும். இதுவரை சரி. எந்தப் பாடநூலிலும் இருப்பது.

அடுத்து, புரோட்டான் நொதிக்குள் எப்படி நகர்கிறது என்று வந்தான். கைகளை விரித்தான். "கட்டடம் கட்டுற இடத்துல பாத்திருப்பீங்க. ஆளுங்க வரிசையா நின்னு செங்கல்லைக் கைமாத்திக் கைமாத்தி மேல அனுப்புவாங்க. ஆளு நகர மாட்டான், கல்லு நகரும். நொதிக்குள்ள தண்ணி மூலக்கூறுங்க அப்படித்தான் வரிசையா நிக்குது."

கைதட்டல்.

அந்தச் செங்கல் என்னுடையது. எங்கள் வீட்டு மாடி எழும்பிய சமயத்தில், வாசலில் நின்றபடி அவனுக்கு நான் சொன்ன உவமை. திருடினானே, முழுதாகத் திருடினானா? பாதியைத்தான் திருடியிருக்கிறான். கீழே ஏற்றிய கல்லே மேலே போய்ச் சேர்வதில்லை என்பதுதான் அதில் விஷயம். ஒவ்வொருவனும் தன் கையில் முன்பே இருந்த கல்லை அடுத்தவனிடம் தள்ளிவிட்டு, வந்த கல்லை வைத்துக்கொள்கிறான். கீழே ஒன்று நுழைந்தால் உச்சியில் வேறொன்று போய் விழும். தள்ளியவன் யாரோ, மேலே போய் நிற்பவன் யாரோ. இந்த நிறுவனத்துக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடையாது.

மார்ச் 9, ஞாயிறு

மாமியார் வீட்டில் மதியச் சாப்பாடு. மாதம் ஒரு தண்டனை. எனக்கு நேர் எதிரே மைத்துனன். வாயைத் திறந்து மெல்லுகிற பழக்கம் இந்த வயதிலும் போகவில்லை. உள்ளே நடப்பதெல்லாம் தெரிகிறது. தட்டைப் பார்த்தே சாப்பிட்டேன்.

பாதியில் அறிவித்தான். அவனுடைய ஆய்வு மாணவியின் வேலை முடிந்துவிட்டதாம். இருபத்தேழாம் தேதி பொது அமர்வு. "அத்தான் அவசியம் வரணும்," என்றான் அக்காவைப் பார்த்து. என்னைப் பார்த்துச் சொல்லும் தைரியம் இல்லை.

அவள் செய்தது என்ன என்பதை நிதானமாக எழுதிப் பார்க்கிறேன். கோபத்தில் எனக்கே குழம்புகிறது. நொதிக்குள் போகும் புரோட்டான்கள் இரண்டு வகை. ஒரு வகை அங்கேயே ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகி விடுகிறது. மற்றது மறுபக்கத்துக்கு இறைக்கப்படுகிறது. இரண்டும் ஒரே வாசல் வழியாகத்தான் நுழைகின்றன என்பது மைத்துனன் கட்சி. தண்ணீராகிறவை வாசல் வழியாக, இறைக்கப்படுகிறவை தனியாக ஒரு பக்கவழியாக என்பது என் கட்சி. என் கட்சியில் நான் ஒருவன்தான் உறுப்பினன். என் ஆய்வகம், என் பெயர், என் பாதி ஆயுள் எல்லாம் அந்தப் பக்கவழியில்தான் இருக்கிறது.

இந்தப் பெண் வாசலில் இருக்கும் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றிவிட்டாள். மாற்றிய நொதி ஆக்சிஜனைப் பழையபடி தின்கிறது. ஆனால் இறைப்பதில்லை. இறைக்கும் புரோட்டானுக்குத் தனி வழி இருந்தால், வாசலில் கைவைத்ததற்கு அது ஏன் நிற்கவேண்டும்? ஆகவே பக்கவழி இல்லை. ஆகவே நானும் இல்லை.

மாமியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்தப் புரோட்டானு இன்னுமா வெளிய வரல மாப்பிள்ளை? நான் கண்ண மூடுறதுக்குள்ளயாவது வந்துருமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மைத்துனன் சிரித்ததில் என் தட்டில் ஒரு பருக்கை விழுந்தது. எழுந்து கை கழுவிவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

அவள் ஆய்வேட்டின் வரைவு துறையில் எல்லோருக்கும் வந்திருக்கிறது. காலையிலிருந்து அதையே படித்தேன். தமையன் வீட்டுக் கல்யாணத்தில் குற்றம் தேடும் பங்காளி மாதிரி, ஒரு வரி விடாமல்.

கிடைத்தது.

இந்த அளவீட்டை எல்லோரும் செய்வது இப்படி: கட்டைவிரல் அளவு கண்ணாடிக் குடுவை. அதில் நொதி பொதிந்த நுண்ணிய கொழுப்புக் குமிழ்கள் மிதக்கும். அடியில் ஒரு காந்தக் கலக்கி சுற்றும். மேலிருந்து அமிலத்தை அளக்கும் மின்முனை இறங்கியிருக்கும். நொதிக்கு ஒரு வாய் எலக்ட்ரான் ஊட்டினால் அது புரோட்டான்களைக் குமிழுக்கு வெளியே இறைக்கும். வெளியே அமிலம் கூடினால் pH குறையும்; திரையில் கோடு சட்டென்று இறங்கும். கடைசியில் ஒரு சொட்டு மருந்து விடுவோம். ஓட்டை மருந்து என்பது எங்கள் வழக்கு. சவ்வு முழுக்க ஓட்டையாகிவிடும். அதற்குப் பிறகு ஊட்டினால் இறக்கமே வராது. உள்ளே தண்ணீராகித் தீர்ந்தவற்றின் இடத்துக்கு வெளியே இருக்கிற புரோட்டான்கள் பாய, கோடு விருட்டென்று மேலே போகும். சவ்வு அதுவரை நன்றாகத்தான் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

அவளுடைய மாற்றிய நொதியின் கோட்டில் இறக்கம் இல்லை. சரி. இறைக்காத நொதிக்கு இறக்கம் இருக்காதுதான். ஆனால் ஏற்றம்? சவ்வு கெட்டியாக இருந்தால் புரோட்டான் உள்ளே கசிய நேரம் பிடிக்கும். கோடு ஆமைபோல் ஏறவேண்டும். இவள் கோடு வாணம்போல் ஏறுகிறது. இது இறைக்காத நொதியின் கோடு அல்ல. ஓட்டைச் சவ்வின் கோடு. மருந்து விடுவதற்கு முன்பே ஓட்டை.

எங்கிருந்து வந்தது ஓட்டை?

மார்ச் 12, புதன்

ஒரு மின்முனை இரவல் வேண்டும் என்ற சாக்கில் அவர்கள் ஆய்வகத்துக்குப் போனேன். அந்தப் பெண் வேலையில் இருந்தாள். நான் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் முணுமுணுப்பு. வேலை செய்யும்போது வாய் ஓயாது. திரையில் இருக்கும் கோட்டைப் பார்த்து, "வா... வா... இறங்கு... ம்" என்று மாட்டை அதட்டுவதுபோல் பேசிக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். உட்காரச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன்.

முதலில் சாதாரண நொதி. இறக்கம் அழகாக வந்தது. ஓட்டை மருந்து விட்டாள். குடுவையைக் காலி செய்தாள். குழாயைத் திறந்தாள். தண்ணீர். இன்னொரு முறை தண்ணீர். உதறினாள். மாற்றிய நொதியை அதே குடுவையில் ஊற்றினாள்.

என் உடம்பு சிலிர்த்தது.

அந்த மருந்து எண்ணெய்ப் பிசுக்கு. கண்ணாடியில் அப்பிக்கொள்ளும், கலக்கியின் உறையில் அப்பிக்கொள்ளும். தண்ணீரில் அலசினால் மசியாது. ஆல்கஹாலால் திரும்பத் திரும்பக் கழுவினால்தான் போகும். எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி. கழுவாவிட்டால் அடுத்த சவ்வு குடுவைக்குள் விழும்போதே ஓட்டையாகிவிடும். இவள் தினமும், இரவெல்லாம் தண்ணீரில் ஊறிக் கொஞ்சம் தெளிந்த குடுவையில் சாதாரண நொதியை முதலில் அளக்கிறாள், மருந்து பட்ட கையோடு மாற்றியதை அடுத்து. ஒப்பீட்டுக்கு உள்ளது முதலில் என்பதுதானே ஒழுங்கு. அந்த ஒழுங்கே தினமும் அவளை ஏமாற்றியிருக்கிறது.

ஆல்கஹால் இல்லையா என்று பேச்சுவாக்கில் கேட்டேன். அது பூட்டிடம் இருக்கிறது என்றாள். பூட்டு என்பவர் கிடங்குக்காரர்; துடைப்பத்தைக்கூடப் பூட்டிவைப்பவர். திரும்பும் வழியில் அவரைக் கேட்டேன். "தீப்பிடிக்கற சாமானுக்குத் தலைவர் கையெழுத்து வேணும் சார். தலைவர் இங்க இருந்தாத்தான கையெழுத்து," என்றார். மைத்துனன் மாதத்தில் பாதி நாள் விமானத்தில். ஆய்வகமே தண்ணீரில் கழுவிக் கழுவி, அதுதான் முறை என்று நம்பிவிட்டது.

அருவருப்பாக இருக்கிறது. நான் பழக்கிவிட்டவன் நடத்தும் ஆய்வகம். கழுவத் தெரியாத கூட்டம்.

மார்ச் 13, வியாழன்

இன்று நன்றாகச் சாப்பிட்டேன். மனைவி இருமுறை என் முகத்தைப் பார்த்தாள்.

மார்ச் 14, வெள்ளி

பொது அமர்வின் விதி எனக்கு மனப்பாடம். துறையில் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். அடிப்படையான கேள்வி ஒன்றுக்குப் பதில் இல்லையென்றால் ஆய்வேடு திரும்பிப் போகும். இந்தப் பெண்ணின் உதவித்தொகை இந்தக் கோடையோடு முடிகிறது. திரும்பிப் போனால் போனதுதான்.

அதற்கு நான் என்ன செய்ய? கழுவச் சொல்லித் தராதவனைக் கேளுங்கள்.

ஆனால் வெறும் கேள்வி போதாது. மாற்றிய நொதியை நானே அளந்து, சுத்தமான குடுவையில் அது இறைப்பதைக் காட்டிவிட்டால் அவனால் வாய் திறக்க முடியாது. முணுமுணுப்பிடம் மாதிரி கேட்டேன். இழுத்தடிப்பாள் என்று நினைத்தேன். மத்தியானமே பனிக்கட்டியில் பொதிந்து எடுத்து வந்துவிட்டாள். "நீங்களே பாக்கறீங்களா சார்? எனக்கு நிம்மதியா இருக்கும்," என்றாள்.

இப்படியும் ஒரு ஜன்மம். யாரிடம் எதைக் கொடுக்கிறோம் என்று தெரியாமல்.

மார்ச் 19, புதன்

நொதியைக் குமிழ்களில் பொதிய முந்தாநாளும் நேற்றும் போயிற்று. இன்று காலை அளந்தேன். குடுவையை, நான் எப்போதோ வாங்கிப் பதுக்கிவைத்த ஆல்கஹாலில் கழுவினேன். கலக்கி புதியது. மாற்றிய நொதியை முதலில் வைத்தேன், குடுவை மருந்தையே பார்க்காதிருக்கும்போது.

இறக்கம் இல்லை.

கோடு அப்படியே நின்றது. பிறகு ஏறியது. மெல்ல, மெல்ல. ஆமைபோல.

என்னடா இது.

மின்முனை சரியில்லையோ? சாதாரண நொதியை வைத்தேன். அழகாக இறங்கியது. திரும்ப மாற்றியது. இல்லை. குமிழ்கள் பழுதா? மருந்தை விட்டேன், கோடு விருட்டென்று ஏறியது. அப்படியானால் அதுவரை சவ்வு கெட்டி. எல்லாம் சரி. நான் சரி, குடுவை சரி, சவ்வு சரி. அது இறைக்கவில்லை. அவ்வளவுதான்.

சே.

மார்ச் 20, வியாழன்

வேறு மின்முனை. வேறு குடுவை. புதிதாகக் கலந்த கரைசல். இல்லை.

அவளிடம் வேறொரு நாள் பிரித்தெடுத்த மாதிரி இருந்தால் கொடு என்றேன். சந்தோஷமாகக் கொடுத்தாள். என்ன வந்தது சார் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கத்தியிருப்பேன்.

மார்ச் 22, சனி

இல்லை.

மார்ச் 23, ஞாயிறு

ஆக, கழுவத் தெரியாத கூட்டம் தவறான வழியில் போய்ச் சரியான இடத்தில் நிற்கிறது. குருடன் எறிந்த கல் மாங்காயில். நான் நேர்வழியில் போய்க் குட்டிச்சுவரில் முட்டி நிற்கிறேன். வாசல்தான். ஒரே வாசல். பக்கவழி என்று ஒன்று இல்லை.

இதை எழுதும்போது கை கூசுகிறது.

இல்லை. இதற்கு வேறு பக்கமும் உண்டு. நான் அளந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் கோடு தவறு, இதில் பொய் இல்லை. நான் எழுந்து, எதில் கழுவினீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். ஆய்வேடு திரும்பும். அவள் போய்விடுவாள். மைத்துனனுக்கு இதை மறுபடி செய்ய ஆளும் இல்லை, பொறுமையும் இல்லை. பக்கவழி பிழைத்துக்கிடக்கும், குறைந்தது நான் ஓய்வு பெறும் வரை. அறையும் இருக்கும். கேள்வி கேட்பது பொய்யா?

மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். பெயர் சொல்லாமல் கேட்டேன்: ஒருவன் கேள்வி மட்டும் கேட்கிறான், பொய்யான வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை, அது தப்பா?

கத்தி நிற்கவில்லை. "நான் கேள்விதான் கேட்டேன், பொய் சொல்லலன்னு எங்க கோர்ட்டுல தினம் ஒரு வக்கீல் சொல்றாரு. நானும் எழுதிக்கிட்டுதான் இருக்கேன்."

அவளே மேலும் சொன்னாள்: "தம்பி சங்கதிதானே? ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. நீங்களும் அவனும் ஒரே அச்சு. அவனுக்குச் சிரிக்கத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. வித்தியாசம் அவ்வளவுதான்."

முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தால் இப்படித்தான் மரியாதை கிடைக்கும்.

மார்ச் 25, செவ்வாய்

மைத்துனனே என் அறைக்கு வந்தான். நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தான். என் நாற்காலியை.

அறையைப் பற்றித்தான். மனதில் வைத்துக்கொள்ளக் கூடாதாம். மாடியில் எனக்கு ஒரு மேசை போடச் சொல்லியிருக்கிறானாம், நல்ல காற்று வருமாம். பிறகு குரலைத் தாழ்த்தி, துக்கம் கேட்க வந்தவன்போலத் தோளில் கை வைத்தான். ஈரக் கை. "பக்கவழி ஒரு அழகான தப்பு அத்தான். எல்லாருக்கும் அப்படி ஒரு தப்பு பண்ண வாய்க்காது."

அவன் போன பிறகு சட்டையின் அந்த இடத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன்.

கேட்பேன். கண்டிப்பாகக் கேட்பேன்.

மார்ச் 26, புதன்

"குடுவையை எதனால் கழுவினீர்கள்?" மூன்று சொல். வேறு எதுவும் சொல்லவேண்டியதில்லை.

மார்ச் 27, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

அரங்கு நிறைந்திருந்தது. முணுமுணுப்பு புதுச் செருப்புப் போட்டிருந்தாள், அது கடித்ததால் ஒரு காலைத் தூக்கித் தூக்கி நின்றாள். நன்றாகவே பேசினாள். வாணம்போல் ஏறும் அந்தக் கோட்டைத் திரையில் போட்டாள். கேள்விகள் உண்டா என்று அமர்வின் தலைவர், ஓய்வுக்குக் காத்திருக்கும் ஒரு முதிய இயற்பியல்காரர், கேட்டார். சிலர் சில்லறைக் கேள்விகள் கேட்டார்கள். நான் எழுந்தேன்.

கேட்டேன்.

அவள் யோசிக்கவே இல்லை. "தண்ணியில சார்."

அரங்கில் விவரம் தெரிந்த இரண்டு மூன்று பேர் நிமிர்ந்தார்கள். மைத்துனன் எழுந்துவிட்டான். அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. முட்டாள் அல்ல, சோம்பேறி. சிரித்தபடி, "ஆல்கஹால்லதான். பயத்துல மாத்திச் சொல்றா. எங்க ஆய்வகத்துல எல்லாரும் ஆல்கஹால்லதான் கழுவுவோம்," என்றான். பிறகு அவள் பக்கம் திரும்பி, மெதுவாக, "இல்லையாம்மா?"

இவ்வளவு பேர் முன்னிலையில், இவ்வளவு எளிதாக. அவள் தலையை ஆட்டியிருந்தால் போதும். பட்டம் கையில். யாரும் போய்க் குடுவையை முகர்ந்து பார்க்கப் போவதில்லை.

"இல்ல சார்," என்றாள். "நான் சேந்த நாள்லேந்து தண்ணியிலதான்."

சொல்லிவிட்டுத் தன் கோட்டைத் திரும்பிப் பார்த்தாள். வாய் முணுமுணுத்தது. நான் எதற்குக் கேட்டேன் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது, அவள் முதுகைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. திரும்பினாள். "ஏத்தம் ரொம்ப வேகமா இருக்கு. மருந்து குடுவையிலயே ஒட்டியிருக்கும். அப்ப இது ஓட்டைச் சவ்வா இருக்கலாம் சார். நொதி இறைக்கலைன்னு இத வெச்சுச் சொல்ல முடியாது."

அது நான் சொல்லவேண்டிய வாக்கியம். எத்தனை நாளாக அதை வாயில் வைத்துச் சுவைத்துக்கொண்டிருந்தேன். அதையும் பிடுங்கிக்கொண்டாள்.

அப்படியானால் முடிவு நிற்குமா என்று இயற்பியல்காரர் கேட்டார். "தெரியாது சார். திரும்பச் செஞ்சு பாக்கணும்." அதற்கு உனக்கு நேரம் இருக்கிறதா என்றார். அவள் காலைத் தூக்கவும் மறந்துவிட்டாள்.

நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன். உட்கார்ந்தால் முடிந்துவிடும். நான் ஒன்றும் செய்யவேண்டாம், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். நினைத்ததெல்லாம் நடந்துவிட்டது, அதையும் அவளே செய்து கொடுத்துவிட்டாள். உட்காரத்தான் போனேன். பொய் எழுதக் கூடாது. உட்காரத்தான் போனேன், இருக்கையைக்கூடத் தொட்டுவிட்டேன். பக்கத்தில் மைத்துனன் குனிந்து யாரிடமோ, "சின்னப் பசங்க, சொன்னா கேக்கறதில்ல," என்று கிசுகிசுத்துக்கொண்டிருந்தான். அந்த வாசனை. அவனும் உட்கார்ந்திருந்தான். நானும் உட்காரப் போகிறேன். ஒரே அச்சு.

நடந்து முன்னால் போய்ச் சுண்ணக்கட்டியை எடுத்தேன். பலகையில் ஒரு கோடு போட்டேன். இறக்கம் இல்லாமல், மெல்ல ஏறும் கோடு. "இது ஆல்கஹாலில் கழுவிய குடுவை. அதே நொதி. நான் அளந்தது, பல முறை. சவ்வு கெட்டி. நொதி இறைக்கவில்லை. இந்த மாணவியின் முறை தவறு, முடிவு சரி," என்றேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல், யார் என்று பார்க்கவில்லை: "அப்ப உங்க பக்கவழி?"

"இல்லை," என்றேன்.

சுண்ணத்தூள் கையெல்லாம். நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 28, வெள்ளி

துறை முழுமைக்கும் மைத்துனனின் மின்னஞ்சல். "எங்கள் முடிவை மூத்த ஆய்வாளர் ஒருவர் தனித்து உறுதி செய்திருப்பது எங்கள் ஆய்வகத்தின் தரத்துக்குச் சான்று."

தரம்.

காலையில் மனைவி சொன்னாள், தம்பி தொலைபேசியில் அழாத குறையாகப் பேசினானாம், அத்தான் காப்பாற்றிவிட்டார் என்று. அவனையா காப்பாற்றினேன்? சாக்கடையில் விழுந்த ஒரு பெண்ணுக்குக் கை கொடுத்தால், சாக்கடை வந்து கும்பிடுகிறது.

மனைவி என் கோப்பையை எடுத்துப்போய்க் கழுவி, காபி ஊற்றி வைத்தாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

அறையைக் காலி செய்தேன். பக்கவழிக் கணக்குகள், படங்கள், மாதிரிகள் எல்லாம் ஒரு வண்டிக்குக்கூடத் தேறவில்லை. இவ்வளவுதானா என்று தள்ளுகிறவர் கேட்டார். இவ்வளவுதான்.

ஆல்கஹால் அலமாரியைத் திறந்து விட்டார்களாம். இனிக் கையெழுத்து வேண்டாம். 'தலைவரின் சீர்திருத்தம்' என்று கதவில் ஒட்டியிருக்கிறது.

மே 5, திங்கள்

மாடி மேசையில் காற்று வருவது உண்மைதான். கூடவே கீழே உணவகத்தின் புகைபோக்கியும் வருகிறது. மின்முனைகளெல்லாம் எண்ணெய் வாடை அடிக்கின்றன.

முணுமுணுப்பு அளவுகளைத் திருத்திச் செய்ய அமர்வு இரண்டு மாதம் கொடுத்திருக்கிறது. அவள் ஆய்வகத்துக் குடுவைகளெல்லாம் பிசுக்கேறியவை என்பதால் என் மேசைக்கே வந்துவிடுகிறாள். கேட்டுக்கொண்டு வரவில்லை. முதல் நாள் வந்தாள், போகச் சொல்ல மறந்துவிட்டேன். நாள் முழுக்கக் காதருகே அந்த முணுமுணுப்பு. என் பேனாக்கள் காணாமல் போகின்றன.

இன்று ஒரு கோட்டைக் காட்டினாள். மெல்ல ஏறும் கோடுதான். ஆனால் ஏறுவதற்கு முன்னால், ஆரம்பத்திலேயே, ஒரு சின்னத் துள்ளல். "இது உங்க மார்ச் மாசக் கோட்டுலயும் இருக்கு சார். எல்லாத்துலயும் இருக்கு."

அழுக்கு என்றேன். கழுவு என்றேன். கழுவினாள். துள்ளல் வந்தது. மின்முனையை மாற்றினோம். வந்தது. என் மார்ச் கோடுகளை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் இருக்கிறது. இறக்கம் வருமா வருமா என்றே வெறித்துக்கொண்டிருந்தவன் கண்ணில் இது படவில்லை. குமிழின் வெளிப்பக்கத்தில் யாரோ ஒரு புரோட்டானைக் கைநீட்டி வாங்கிவைத்துக்கொள்வதுபோல் இருக்கிறது. வாங்குவது யார்? இது என் கட்சியிலும் இல்லை, மைத்துனன் கட்சியிலும் இல்லை.

"என்ன சார் இது?" என்றாள்.

தெரியவில்லை என்றேன்.

சரி என்று குறித்துக்கொண்டு, நாளை ஆறு மணிக்கே வந்துவிடட்டுமா, உணவக அடுப்பு பற்றவைப்பதற்குள் அளந்துவிடலாம் என்றாள். உன் இஷ்டம் என்றேன். அதற்கு முன்னால் நான் போய்விடவேண்டும். குடுவையை நானே கழுவி வைக்கவேண்டும். இவள் கழுவுவதை இன்னும் நம்புவதற்கில்லை.